எட்டு இரவுகளின் படிவம்

எட்டாம் நாள் காலை சிகிச்சை முடிந்ததும் ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் என் கணவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, மேஜைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தாள். ஒன்று, இவர் தினமும் வீட்டில் நிரப்பும் தூக்கப் படிவம். இன்னொன்று, சிகிச்சைக்கு முந்தின நாளே இவர் மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட பட்டை தானாகவே பதிவு செய்தது. படிவத்தில் சராசரியாக ராத்திரிக்கு ஆறு மணி நேரத் தூக்கம். பட்டையில் இரண்டரை.

"எது சார் சரி?" என்றாள்.

என் கணவர் முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடைத்தெருவில் இவர் தலை தெரிந்தால் பாதித் தராசுகள் தானாக நேராகிவிடும் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் திருட்டு முழி முழிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம். நடுக்கத்தைக்கூடச் சமாளித்துவிட்டோம். தூக்கம் போனதுதான் ஆளை உருக்கிவிட்டது. மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுத்தால் தூக்கம் வருமா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம் எனக் கேள்விப்பட்டு, கையைக் காலைப் பிடித்து இதில் சேர்ந்தோம். அந்தப் பெண்ணைச் சும்மா சொல்லக்கூடாது. நாடாவால் தலையை நாலு பக்கமும் அளப்பாள். துடிப்பு கொடுத்துக் கட்டைவிரல் துள்ளும் இடத்தைக் கண்டுபிடித்து, தொப்பியில் புள்ளி வைத்து, அங்கிருந்து கணக்காக நகர்த்தித் துடிப்பு கொடுக்கும் காந்தச் சுருளை நிறுத்துவாள். அரைமணி நேரம் டக் டக் டக்கென்று சத்தம். மயிரிழை விலகினாலும் நிறுத்திவிட்டு மறுபடி நாடாவை எடுப்பாள். அளவு என்றால் உயிரை விடும் இவருக்கு அவளைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. எனக்கும்தான் பிடித்தது.

"நீ கை வலிக்க வலிக்க அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார் கடைசியில்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க தூங்கலைன்னா அதுவும் எங்களுக்குத் தெரியணும் சார். இந்தத் தாளை நம்பித்தான் அடுத்து வர்றவங்களுக்கு இதைக் கொடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க."

"இப்ப மாத்தி எழுதினா?"

"டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். உங்களைத் தொடர விடறதும் நிறுத்தறதும் அவர் கையில."

இன்னும் பன்னிரண்டு நாள் சிகிச்சை பாக்கி இருந்தது. பட்டையில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? முழங்கையால் இடித்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேனா குடும்மா," என்றார்.

"அழிக்கக் கூடாது சார். பழசு தெரியற மாதிரி குறுக்க ஒரே கோடு. பக்கத்துல சரியானது, இன்னைக்குத் தேதி, கையெழுத்து."

"அதான் முறை," என்று தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. இப்போதெல்லாம் இவர் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு வரி திருத்தியதும் பேனா தயங்கியது. "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தேன்னே ஞாபகம் இல்லையே."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு பத்துக்கு. தண்ணி குடிச்சீங்க. மூணரை வரைக்கும் ஹால்ல நடந்தீங்க. புதன்கிழமை படுக்கவே இல்லை."

மெதுவாக என்னைப் பார்த்தார். "நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தியே?"

"விட்டேன். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நடக்கறதையும் நிறுத்திட்டு இருட்டுல உக்காந்திருப்பீங்க."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல இவர் எட்டு வரியையும் திருத்தி, எட்டிலும் கையெழுத்துப் போட்டார். அவள் தாளுக்குக் கை நீட்டினாள். இவர் கொடுக்கவில்லை. மேஜையிலிருந்த அடிக்கோலை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்தார். அது நிலைக்காமல் ஆடியது.

"சார், அங்க எதுவும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, கோலின் மறுமுனையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். இவர் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். புதிய கட்டத்தின் தலையில் 'மனைவி' என்று எழுதினார்.

"நீ தூங்கினதை முதல் நாள்லேர்ந்து சொல்லு," என்றார்.