வெள்ளி ஆறு மணிக்குள் பிரேக் போக வேண்டும்

ஹில்சைடு சரிவின் அடியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது பூரிங் வழக்கம்போல பிரேக்கை மிதித்தாள். பெடல் அமுங்கவில்லை. செருப்புக்கு அடியில் யாரோ செங்கல்லைச் செருகி வைத்ததுபோல விறைத்துக்கொண்டு நின்றது. கார் மட்டும் அவசரமே இல்லாமல், மரியாதையாக, முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் மூன்று விளக்குகள் ஒன்றாக எரிந்தன, ஒன்று சிவப்பு, இரண்டு மஞ்சள். எங்கிருந்தோ ‘கீ’ என்று விடாத சத்தம். அவள் இருக்கையிலிருந்து எழுந்து நின்றே இரண்டு கால்களாலும் மிதித்தாள். வெள்ளைக் கோடுகளைத் தாண்டி, பன்தெசால் ரொட்டிப் பையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு கிழவரின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. கிழவர் பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மனுஷன் காலைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை, ரொட்டியைத்தான் காப்பாற்றினார் என்று பூரிங் பிற்பாடு தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அன்று காலையில் சிரிக்கவில்லை. நடக்கிற வேகத்தில் வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த வண்டி பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட். பத்து வருடம் முன்னால் அவள் கணவன் அமாதோ வாங்கியது. வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே பாதிரியாரைக் கூட்டிவந்து, முன் மூடியைத் திறந்து, இன்ஜின்மேலும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னவன் அவன். டாஷ்போர்டில் பயணிகளைக் காக்கும் கிறிஸ்டோபர் புனிதரை ஒட்டிவைத்ததும் அவன்தான். புனிதர் இன்னும் இருக்கிறார். அமாதோ போய் நாலு வருடமாகிறது. அறுபத்தோரு வயதில் பூரிங் தினமும் நாலு வீட்டுக்குப் போய் நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாள். நாலும் மேட்டு வீடுகள். அவற்றில் இரண்டுக்கு பஸ்ஸே கிடையாது. வண்டி இல்லாவிட்டால் பாதிப் பிழைப்பு இல்லை.

ஒரு மாதமாகவே முன்பக்கத்தில் ‘கொர்ர்’ என்று மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து வந்து நின்றுகொண்டிருந்தது. வயதானால் யாருக்குத்தான் சத்தம் வராது என்று விட்டுவிட்டாள்.

அவள் கார் கதவைச் சாத்துவதற்குள் எதிர்வீட்டு தென்சியோ ரப்பர் செருப்போடு வந்து நின்றார். விமான நிலையத்தில் பெட்டிகள் நகரும் பட்டையை முப்பது வருடம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை ‘குயா’ என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடும். கார்களின் பிழை எண்ணைப் படிக்கிற சீட்டுக்கட்டு அளவுக் கருவி ஒன்றை ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கியதிலிருந்து, அந்தத் தெருவில் எந்த வண்டியாலும் நிம்மதியாக நோயில் கிடக்க முடிந்ததில்லை.

“வெளக்கு எரியுதா?” குரலில் கல்யாணக் களை.

“மூணு எரியுது குயா. வண்டி நிக்கவே மாட்டேங்குது.”

“நகரு, நகரு.” ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டார். ஏதோ அழுத்தினார். மூன்று விளக்கும் அணைந்தன. “பாத்தியா? போயிடுச்சு.”

“என்ன பண்ணீங்க?”

“அழிச்சுட்டேன். வயசான வண்டி, என்னத்தையாவது ஒளறும். நாம ஒளறலையா?”

தெருவை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வண்டி பதவிசாக நின்றது. காசு நீட்டினால் குயா கோபித்துக்கொள்வார். அதனால் பூரிங் பெரிய தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸ் செய்து, மேலே அவித்த முட்டை அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த நூடுல்ஸை நினைத்துத்தான் அவளுக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

மறுநாள் புதன்கிழமை, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பக்கத்து ஊரான கோல்மாவிலிருக்கும் கம்பெனி டீலரிடம் போனாள். கோல்மாவில் கல்லறைத் தோட்டங்களை விட்டால் கார் கடைகள்தான். டெவின் என்கிற பையன், தாடிக்கு எண்ணெய் தடவியவன், வண்டியை உள்ளே அனுப்பி இரண்டு மணி நேரம் கழித்து வந்தான்.

“உங்க வண்டி ரொம்ப நல்லா இருக்கு மேடம்.”

பூரிங் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். இரண்டு வருடம் முன்னால் கம்பெனி அனுப்பியது. வீட்டில் குழந்தை ஏசு சிலைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. இந்த மாடலில் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற பாகம் சீக்கிரம் கெட்டுப்போகிறது, அதனால் பத்து வருடம்வரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தோடு அவள் நிறுத்திக்கொண்டிருந்தாள். டெவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். குறிப்பிட்ட நான்கு பிழை எண்களில் ஒன்றாவது வண்டியின் நினைவில் இருந்தால் மட்டுமே.

“மெஷின்ல ஒண்ணுமே இல்ல மேடம். சுத்தமா இருக்கு. யாரோ அழிச்சிருக்காங்க.”

“நேத்து வண்டி நிக்கலப்பா. ஒரு பெரியவர் மேல ஏத்தியிருப்பேன்.”

“இன்னிக்கு நிக்குதே.”

“சரி, ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்குல்ல? மறுபடியும் வரும், அப்போ கொண்டு வரேன்.”

டெவின் கையிலிருந்த டேப்லெட் திரையைத் தேய்த்தான். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. “ஆகஸ்ட் நீங்க வாங்குன தேதி மேடம். வண்டி மொதல்ல ரோட்ல எறங்குனது மே மாசம். வர்றவங்க ஓட்டிப் பாக்குறதுக்குன்னு கடையில வெச்சிருந்த வண்டி இது. கணக்கு அதுலேர்ந்துதான். நாளன்னிக்கு வெள்ளிக்கெழமையோட முடியுது. ஆறு மணிக்கு மூடிடுவோம்.”

ஓட்டிப் பார்க்கிற வண்டி என்பதால் கிடைத்த தள்ளுபடியைச் சாகிறவரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன் அமாதோ. எதிரே சாலைக்கு அந்தப் பக்கம், கல்லறை மேட்டில்தான் படுத்திருக்கிறான். எழுந்து வந்து பதில் சொல்லட்டும் என்று தோன்றியது.

“அப்போ வெள்ளிக்கெழமைக்குள்ள என் பிரேக் போகணும்.”

“போச்சுன்னா கொண்டு வாங்க.”

“பிரேக் போன வண்டிய எப்படிப்பா கொண்டு வர்றது?”

“ஐயோ, ஓட்டாதீங்க. இழுத்துட்டு வர்ற வண்டியக் கூப்பிடுங்க.”

“இப்போ இத ஓட்டிட்டு வீட்டுக்குப் போலாமா?”

டெவின் யோசித்தான். “ஓட்டுங்கன்னு நான் சொல்ல முடியாது. ஓட்டாதீங்கன்னும் சொல்ல முடியாது. நல்லா இருக்குன்னு மெஷின் சொல்லுது.”

சொந்தச் செலவில் மாற்றினால் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். இரண்டு மாதம் சாப்பிடாமல் இருந்துவிடலாம்தான், டாக்டரும் எடை குறைக்கத்தான் சொல்கிறார். வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரரிடம் அந்தக் கதை எடுபடாது.

தென்சியோவிடம் எப்படிச் சொல்வது? காசு வாங்காமல் உதவிய மனிதரைப் பார்த்து, உங்கள் உதவிதான் என்னைக் கெடுத்தது என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். முகத்தில் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே, தெரு அத்தை முறை வைத்து ‘தீத்தா’ என்று கூப்பிடுகிற பேபியிடம் சொன்னாள். பேபிக்கு எழுபத்திரண்டு வயது. பெயர் மட்டும் பேபி. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தீத்தா” என்று கெஞ்சிச் சொன்னாள். அதற்குப் பதில் ஞாயிறு பூசையில் மைக்கில் வாசித்திருக்கலாம், மூன்று நாள் தாமதமாகவாவது தெரிந்திருக்கும்.

வியாழன் காலை தென்சியோ வாசலில் நின்றார். கையில் அவளுடைய தட்டு. தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்று அவர் மனைவி செய்த பால் புட்டிங் அதில் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

“அழிக்கறதுக்கு முன்னாடி நம்பர எழுதி வெச்சேன்” என்று ஒரு ரொட்டிக்கடைச் சீட்டை நீட்டினார். “கடிதத்துல இருக்குற நாலுல ரெண்டாவது. அந்த டீலர் கடைப் பையனுக்கு போன் போட்டேன். அவங்க மெஷின்ல வரணுமாம்.”

“விடுங்க குயா.”

“விடுறதா? அழிச்சவன் நானு, வரவெக்கறவனும் நான்தான். இன்னிக்கு உன் வண்டியில நான் உக்காருவேன். எதையும் தொடமாட்டேன்.”

பூரிங் இரண்டு வீட்டுக்கு பஸ்ஸில் போனாள், இரண்டு வீட்டுக்கு லீவு சொன்னாள். பிறகு இருவருமாகக் கிளம்பினார்கள். பிரேக் போகவேண்டும், ஆனால் யார்மேலும் ஏறக்கூடாது. பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் இல்லாத சரிவான சாலைக்கு எங்கே போவது? தென்சியோதான் கண்டுபிடித்தார். கல்லறைத் தோட்டம். மேட்டிலிருந்து வாசல்வரை வளைந்து வளைந்து இறங்கும் நல்ல தார்ச்சாலை. இடித்தாலும் புதிதாகச் சாக யாரும் இல்லை. வியாழன் மிச்சப் பொழுது முழுக்க ஏறி இறங்கினார்கள். ‘கொர்ர்’ வந்தது, விளக்கு வரவில்லை. இத்தனை வருடத்தில் அமாதோவைப் பார்க்க அவள் இத்தனை தடவை வந்ததே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் கடக்கும்போது முறைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தும் அதே கதைதான். ஐந்து மணிக்குக் கடல் பக்கமிருந்து பனி ஏற ஆரம்பித்தது. வாசல்காரர், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு உயரமான ஆள், கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவர், இவர்களைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். தோட்டத்தையும் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

“பூரிங், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?” தென்சியோ டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க.”

“இவரு இங்க உக்காந்திருக்குற வரைக்கும் எப்படிப் போகும்?”

கிறிஸ்டோபர் புனிதர் தோளில் குழந்தையோடு, கையில் கோலோடு, பத்து வருடமாகச் செய்துவந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பூரிங் அவரை நகத்தால் நெம்பி எடுத்தாள். “கொஞ்ச நேரந்தான் சாமி” என்று சொல்லிக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையையும் கழற்றிப் போட்டு மூடினாள். உள்ளே வெளிச்சம் தெரியாதபடி ஜிப்பையும் இழுத்தாள்.

அடுத்த இறக்கத்தில் ‘கொர்ர்’ சத்தம் நிற்கவேயில்லை. அமாதோவின் வரிசைக்குப் பக்கத்து வளைவில் பெடல் செங்கல்லாகிவிட்டது. தென்சியோ கடவுளைக் கூப்பிட்டார். பூரிங் ஸ்டீயரிங்கைப் புல்மேட்டுப் பக்கம் ஒடித்து, இடது ஓரத்திலிருந்த பார்க்கிங் பிரேக் பெடலை மிதித்தாள். வண்டி புல்லில் ஏறி, ஒரு குடும்பத்தின் கல்லறைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது. மூன்று விளக்கு. ‘கீ’ என்ற சத்தம்.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!” இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். நாலு வரிசை தள்ளி ரோஜாக்களோடு நின்ற பெண்மணி, யார் உயிரோடு வந்துவிட்டார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

மணி ஐந்து முப்பத்தாறு. இழுவை வண்டிக்காரன் ஒன்றரை மணி நேரமாகும் என்றான். டீலரின் கூரை சாலைக்கு அப்பால், கண்ணுக்கெதிரே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூரிங் டெவினைக் கூப்பிட்டாள்.

“ஆறு மணிக்குள்ள வண்டி இங்க வரணும் மேடம்.”

“கடிதத்த எடுத்துப் பாருப்பா. வண்டி வரணும்னு எழுதியிருக்கா, நம்பர் வரணும்னு எழுதியிருக்கா?”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

“நம்பர் இங்க வந்தாச்சு” என்றாள் பூரிங். “மெஷின எடுத்துட்டு நீ வா. கேட்லேர்ந்து பார்த்தா தெரியும், புல்லுமேல நிக்குது. பக்கத்துல பெரிய தேவதை சிலை.”

“மேனேஜரக் கேக்கணும் மேடம்.” போனில் பியானோ வாசிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அறுந்துபோனது.

வண்டியை அணைக்க அவளுக்குப் பயம். அணைத்தாலும் எண் போகாது என்று தென்சியோ சொன்னார். சொன்னவர் யார் என்பதை நினைத்து அவள் அணைக்கவில்லை. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார். ‘கீ’ சத்தம் விடாமல் ஒலித்தது. பனி இறங்கி முதலில் டீலரின் கூரையை எடுத்துக்கொண்டது, பிறகு சாலையை, பிறகு கேட்டை.

பத்து நிமிடம் முன்னால்வரை கேட் இருந்த இடத்திலிருந்து யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். உயரமான உருவம். கையில் கறுப்பாக எதுவோ தொங்கி ஆடியது.

“மெஷினா அது?” என்றாள் பூரிங்.

தென்சியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “கேட்டப் பூட்டுற சங்கிலி மாதிரியும் இருக்கு.”

புனிதரைத் தேடிக் கைப்பைக்குக் கை தானாகப் போனது. ஜிப் பாதிவரை திறந்தது. மூன்று விளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவள் அதை மெதுவாக மூடி, மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.