அடியில் விட்ட துளைகள்

பத்தொன்பது வருடமாக ஈரச் சுவர்களைத் தட்டித் தட்டி என் காதே மரத்துப் போய்விட்டது. இருந்தாலும் அந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தில் சுவரை முதல் முறை தட்டியதுமே தெரிந்துவிட்டது. வெளிச்சுவரை மூடியிருந்த பலகைகளுக்குப் பின்னால் எல்லாம் ஊறிக் கிடந்தது. போன வாரம் ஒரு பலகை கழன்று வாசற்படியில் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அந்த நேரம் யாரும் அங்கே நிற்கவில்லை.

ஏன் விழுந்தது என்று பார்த்து எழுதித் தருவதுதான் என் வேலை. அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு என் மனைவியின் தம்பி பொறுப்பில் இருந்தது. காலையில் நான் கிளம்பும்போதே அவள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"என்னத்தையோ எழுதுங்க. அவன் வேலைக்கு உலை வச்சிடாதீங்க."

மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட தொட்டியில் நானும் மைத்துனனும் சுவரோரமாக இறங்கினோம். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் முகம் அவனுக்கு. நான் பலகையின் அடி விளிம்பைத் தடவினேன். உள்ளே புகும் மழைநீர் வடிவதற்கு அங்கே பென்சில் நுழையும் அளவில் துளைகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் யாரோ பசை வைத்து வழவழவென்று அடைத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத வேலை.

"யாருடா அடைச்சது?"

"நான்தான் மாமா. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி நானே தொங்கிக்கிட்டு அடைப்பேன். ஆள் வச்சா ஒழுங்கா பண்ண மாட்டாங்க."

பெருமையாக வேறு சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அறிவிருக்கா உனக்கு? அது தண்ணி வெளிய போற வழிடா!"

அவன் பதிலுக்குக் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீங்கதானே மாமா சொன்னீங்க? வேலைல சேந்த புதுசுல போன் பண்ணேன். அடியில ஓட்டை ஓட்டையா இருக்கு, தண்ணி சொட்டுதுன்னேன். ஒண்ணு விடாம அடைச்சுத் தொலைடான்னீங்க."

நினைவு வந்தது. வேறொரு ஈரச் சுவரின் முன்னால் நின்றுகொண்டு, அலுப்பில், பாதி காதில் வாங்கியும் வாங்காமலும் சொன்னது. போனை வைத்ததும் மறந்துவிட்டேன். அவன் ஏழு வருடம் மறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் கட்டட நிர்வாகியின் அறையில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'பலகை பழையது' என்று எழுதினால் இவன் தப்பித்துவிடுவான். பழைய பலகையை மாற்றிவிட்டு மறுபடியும் அடைப்பார்கள், மறுபடியும் ஒன்று விழும். அப்போது வாசலில் யாராவது நிற்பார்கள்.

மைத்துனன் கதவோரம் வந்து நின்றான். "என்னைப் போட்டுக் கொடுத்தாலும் பரவால்ல மாமா. ஓட்டையெல்லாம் திறக்கணும்னு எழுதிடுங்க" என்றான் மெதுவாக.

எழுதினேன். வடிகால் துளைகள் அடைக்கப்பட்டதே காரணம். அனைத்தையும் உடனே திறக்க வேண்டும். அடைக்கச் சொன்னவர் என்று ஒரு வரி சேர்த்து என் பெயரைப் போட்டேன். கீழே, ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.

நிர்வாகி இரண்டு முறை படித்தார். "ரெண்டு இடத்துலயும் ஒரே பேரு இருக்கே சார். மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல சார்" என்றேன். "ரெண்டும் நான்தான்."