முப்பத்தொரு பதிவிலும் இல்லாத சரணம்

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் உண்டபின், ஒரே பாட்டின் பதிவுகளில் மூன்றைக் கேட்பது என் வழக்கம். மணநாளன்று கடலில் மூழ்கிய தோணிக்காரனைப் பற்றிய பாட்டு அது. என்னிடம் முப்பத்தொரு பதிவுகள் இருக்கின்றன. ஒருவர் அழுதுகொண்டே பாடுகிறார். ஒரு பெண்மணியோ மூழ்கியது அவன் தவறே என்பதுபோலப் பாடுகிறார். செத்தவன் ஒருவன்தான், ஆனாலும் ஒவ்வொரு குரலிலும் புதிதாகச் சாகிறான். அந்தக் குரல்களின் வசியத்துக்கும் சிவப்புப் பென்சிலால் மதிப்பெண் போட்டுவந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் நான்.

நான்கு மணிக்கு ஃப்ளான் ஹெஹிரின் மதுக்கடையில் கூடிப் பாடுவோம். அங்கே ஒருவருக்கு உரிய பாட்டை மற்றவர் பாடுவதில்லை. தோணிக்காரன் பாட்டு, மாடு வளர்க்கும் டெலியா கான்சிடைனின் தாயுடையது. அந்த அம்மாள் வீட்டுக்குள் மட்டுமே பாடியவர். அவர் இறந்து ஓராண்டான பின், சென்ற மாதம்தான் டெலியா அதை எங்கள்முன் முதன்முறையாகப் பாடினாள். கண்களை மூடியிருந்தாள், பாடுகிறவருக்குத் துணையாக ஒருவர் கைபிடிக்கும் எங்கள் வழக்கப்படி ஃப்ளான் அவள் கையைப் பிடித்து, பாட்டின் போக்குக்கு ஏற்ப மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் சரணத்தில் மணப்பெண் தன் புதுச் செருப்புகளைக் கரையில் விட்டுவிட்டு வெறுங்காலுடன் வீடு திரும்பினாள்.

"நில்லு டெலியா," என்றேன். "இந்தச் சரணம் பாட்டுலயே கிடையாது. என்கிட்ட முப்பத்தொரு பதிவு இருக்கு. ஒண்ணுலகூட இல்ல."

பாடுகிறவரை எங்கள் ஊரில் நாய்கூட இடைமறிக்காது. டெலியா கண்களைத் திறந்தாள்.

"அப்போ அந்த முப்பத்தொரு பேரையே கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்க, மாஸ்டர்."

மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

"அதுல ஒருத்தருக்காவது வாயை மூடத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றான் ஃப்ளான். "அம்மா போனப்புறம் அவ வாய் திறந்து பாடினதே இன்னிக்குத்தான்."

அடுத்த இரு ஞாயிறும் அவள் வரவில்லை. என் பக்கமே நியாயம் என்று நிறுவ, இருப்பதில் மிகப் பழைய ஒலிநாடாவை எடுத்தேன். அறுபதாண்டுக்கு முன் ஒரு சமையலறையில் ஒரு கிழவர் பாடியது. மற்ற முப்பது பேரும் அதைக் கேட்டுக் கற்றவர்கள். நான்காம் சரணத்துக்குப் பின் அவர் ஏதோ பேசுவார். வெட்டிப் பேச்சு என்று நான் எப்போதும் அந்த இடத்தை ஓட்டிவிடுவேன். அன்று ஓட்டவில்லை.

"அடுத்த சரணம் எனக்கு மறந்துபோச்சுப்பா," என்றார் கிழவர். "அது கான்சிடைன் வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும்."

குளத்தில் நாள்தோறும் நிலவைப் பார்த்துப் பழகிய நாரை ஒன்று, ஒருநாள் தலைநிமிர்ந்து வானத்து நிலவைக் கண்டு, "இது யாருடைய நகல்?" என்று கேட்டதாம். மாணவர்களுக்கு நான் சொன்ன கதை. நாரை யாரென்று தெரிய எனக்கு எழுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

டெலியாவின் தொழுவத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவள் கறவையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"மாடுங்க முன்னாடி கேட்டு என்ன பிரயோசனம்? என்னை நிறுத்தினது ஊர் முன்னாடிதானே?"

"சரி, அங்கயே கேக்கறேன். உன் பாட்டுல நாலு சரணம் நான் பாடலாமா?"

"நீங்களா?" அப்போதுதான் திரும்பினாள். "அதைக் கேக்கறதுக்காகவாவது வரேன்."

ஞாயிறன்று எல்லார் முன்னும் எழுந்து நின்றேன். பதிவுகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்ட நான் ஒருமுறையும் வாய்விட்டுப் பாடியவனில்லை. நான்கு சரணங்களில் அந்தத் தோணிக்காரனை, கடல்கூடச் செய்யாத கொடுமைக்கு ஆளாக்கினேன். ஒருவரும் இடைமறிக்கவில்லை, அதுதான் எனக்குத் தண்டனை.

"இதுக்கு அடுத்த சரணம் எனக்கும் தெரியாது, என் முப்பத்தொரு பதிவுக்கும் தெரியாது," என்றேன். "தெரிஞ்சவளை நான்தான் நிறுத்தினேன். தப்பு என்னோடது, டெலியா."

டெலியா கையை நீட்டினாள். பிடித்துச் சுழற்றத் தொடங்கினேன்.

"மெதுவா, மாஸ்டர். வெண்ணெயா கடையறீங்க?"

கண்களை மூடி, ஐந்தாம் சரணத்தை எடுத்தாள்.