அறுபத்து மூன்று வீடுகளில் ஒரு நாய்

கடந்த மார்ச் மாதத்தில், சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் ஆறாவது மாடியில், இருபத்தாறு கிலோ எடையுள்ள ஒரு நாய் இருநூற்றுப் பதினான்கு கிலோ முடி உதிர்த்தது. மாத முடிவிலும் நாய் இருபத்தாறு கிலோவாகவே இருந்தது. மழை அந்த மாதம் வழக்கத்தைவிடக் குறைவு. கெம்போங் மீன் விலை ஒரு வெள்ளி கூடியிருந்தது.

நாயின் பெயர் கெமுக். பனி நாட்டுக்காகப் படைக்கப்பட்ட ஹஸ்கி இனம். பாலத்துக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதி கிளார்க்காக வேலை செய்த மோனிக்காவிடம் அதை விட்டுவிட்டுப் போனவன் அவளுடைய தம்பி ஜோனத்தன். நியூசிலாந்தில் வேலை கிடைத்து, "ஒரு மாசம் பாத்துக்கக்கா" என்று சொல்லிப் போனவன். அந்த ஒரு மாதம் இப்போது ஏழாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வருடம் மோனிக்கா கடமைக்குத்தான் சோறு வைத்தாள். பிறகு ஒருநாள், பாலத்தைத் தாண்டி வியர்த்து விறுவிறுத்து வீடு வந்தபோது, தன் காலடிச் சத்தத்துக்கு எழுந்து நிற்க இந்த உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்குமேல் அவள் தம்பிக்கு அதைப் பற்றிக் கேட்டு எழுதவில்லை.

முடி ஆரம்பத்தில் எல்லா வீட்டு நாய் முடியையும் போலச் சோற்றிலும் மின்விசிறியிலும் பூசைக்கு உடுத்தும் சேலையிலும் கிடந்தது. போன வருடத்திலிருந்து அது வெளியே போகத் தொடங்கியது. மாலை ஆறு மணிக்குக் கதவிடுக்கு வழியாகக் கிளம்பி, நடைபாதையில் கொஞ்சம் நின்று, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கண்டுகொள்ளாமல், படியிறங்கி வீடு வீடாகப் போனது. சோபாவுக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலும் சுருண்டு படுத்துக்கொண்டது. மூன்றாவது மாடியில், நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்த யூசுப்பின் வாசலுக்கு வந்தால் மட்டும் நின்று, சற்று யோசித்து, எதிர்ப் படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போனது. "ஒரு இழைகூட நம்ம வாசப்படிய மிதிச்சதில்ல" என்று யூசுப் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். மற்றவர்கள் பிள்ளைகளின் பரீட்சை முடிவைச் சொல்லும்போது முகத்தில் வருமே, அந்தப் பெருமை அவர் முகத்தில் வரும். மோனிக்காவின் எதிர்வீட்டு அமலம்மாள் தன் பங்கு முடியை முதலில் பூனை என்று நினைத்திருந்தாள். செபமாலை சொல்லும்போது மேசைக்கு அடியில் அது அமைதியாகக் கிடந்ததால் விரட்டவில்லை. அறுபத்து நான்கு வீடுகளிலும் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எட்டு மாதமாக லிஃப்ட் ஓடாததையே பெரிதுபடுத்தாதவர்கள்.

அந்த நிலையில்தான் சிவநேசன் நிர்வாகக் குழுவின் சேர்மன் ஆனார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்த முதல் சேர்மன் அவர்தான். லிஃப்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால், பத்து கிலோவுக்கு மேற்பட்ட வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியில்லை என்று இருபத்தோராம் பக்கத்தில் இருந்தது. மூன்று பிரதிகளில் மோனிக்காவுக்குக் கடிதம் போனது.

அவள் கடிதத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள். "அண்ணே, அது பாதிக்கு மேல முடிதான்ணே. உள்ள உடம்பு கொஞ்சந்தான்."

"அப்ப சீவி எடு லா. முப்பது நாள் டைம். பத்து கிலோவுக்குக் கொண்டாந்துட்டா நானே சைன் போடுறேன்" என்றார் சிவநேசன். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால், சொன்ன எதையும் தட்டச்சு செய்யாமல் இருக்க முடியாத மனிதர் என்பதால், அன்று மாலையே அதைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, யூசுப்பிடம் கொடுத்தார். யூசுப்தான் குழுவின் செயலாளர்.

அதுவரை மோனிக்கா மாதம் ஒருமுறை, தன் சீப்பாலேயே மேலோட்டமாகச் சீவிவிடுவாள். இப்போது முறையாகக் கற்றுக்கொண்டாள். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுக்க வேண்டும், நனைந்த சிக்கு கல்லாகிவிடும். நீளப் பல் வைத்த வாரியால் உள்முடியையும், கம்பிப் பிரஷால் மேல்முடியையும், முடி வளரும் திசையிலேயே, ஒரு கைப்பிடி அகலம் ஒரு கைப்பிடி அகலமாக எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால், நெஞ்சில், பின்தொடைகளில் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர். அதன்பின் மின்விசிறிக்கு முன்னால் வேர்வரை காய வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் தோலில் பூசணம் பிடிக்கும். உணவில் வாரம் மூன்று நாள் வேகவைத்த மத்தி மீன். வேலையிலிருந்து வந்ததும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தால், எழுந்திருக்க எட்டு மணியாகும்.

"பேசாம வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டு மொட்ட அடிச்சிரு பிள்ள" என்றாள் அமலம்மாள்.

"இதுக்கு ரெண்டு அடுக்கு முடிக்கா. மேல உள்ளது குடை மாதிரி. மழிச்சா வெயிலு நேரா தோல்ல எறங்கும்."

"மாதாவுக்குத் தெரியாதா வெயிலு?"

முதல் நாள் ஏழு கிலோ முடி வந்தது. மோனிக்கா எடைக்கருவியில் தனியாக ஏறினாள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், கழித்துப் பார்த்தாள். இருபத்தாறு. இரண்டாம் நாள் எட்டு கிலோ, நாய் இருபத்தாறு. முடியை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தால், காலையில் முடிச்சு அவிழாமலே மூட்டை தட்டையாகக் கிடந்தது. உள்ளே இருந்தது வீடுகளுக்குப் போயிருந்தது. இருபதாம் நாள், நாயைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது முள் நான்கு கிலோ குறைவாகக் காட்டியது. அவள் கெமுக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தனியாக ஏறிப் பார்த்தாள். குறைந்திருந்த நான்கு கிலோவும் அவளுடையது.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம். பழைய பேப்பர் வாங்கும் லாரிக்காரரிடம் இரவல் வாங்கிய பெரிய தராசில் கெமுக் ஏறி நின்றது. அந்த அடுக்குமாடி அதுவரை பார்த்ததிலேயே பளபளப்பான உயிர் அதுதான் என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். எடை இருபத்தாறு கிலோ.

மோனிக்கா நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "நான் சும்மா இருக்கலண்ணே. தினம் எடுத்திருக்கேன். இருநூத்திப் பதினாலு கிலோ. அதையாச்சும் பாருங்க."

சிவநேசன் நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இவ்வளவு பெரிய விதிமீறல் தன் காலத்தில் அகப்பட்டது அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது.

"அப்ப உன் நாய் இருபத்தாறு கிலோ இல்லம்மா. உதிர்ந்த முடியும் நாய்தானே? இருநூத்தி நாப்பது கிலோ! யூசுப், எழுதிக்க. உதிர்ந்த முடியும் நாயே."

யூசுப் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பிறகு அவர் பேனாவை மூடாமலே கேட்டார்: "சேர்மன் அண்ணே, மிச்ச நாய் எங்க இருக்குன்னும் எழுதணும்ல?"

விதிப்படி எழுதத்தான் வேண்டும். மத்தியானம் முழுக்க வீடு வீடாகப் போய், சோபாக்களை நகர்த்தி, இருந்ததைக் கூடையில் வாரி வந்து நிறுத்தார்கள். அமலம்மாள் வீட்டில் மூன்று கிலோ, கூடையில் வைத்ததும் சுருண்டு படுத்துக்கொண்டது. யூசுப் வீட்டில் ஒன்றுமில்லை. சேர்மன் வீட்டில், அவர் படுத்துக்கொண்டு செய்தி பார்க்கும் நீள சோபாவுக்கு அடியிலிருந்து மட்டும் பதினொன்றரை கிலோ வந்தது. கூடையை இருவர் தூக்க வேண்டியிருந்தது. மண்டபத்துக்குள் வந்ததும் அந்தப் பதினொன்றரை கிலோ கூடையைவிட்டு இறங்கி, நேராகப் போய்ச் சிவநேசனின் காலடியில் உட்கார்ந்தது.

கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிடமானது.

"என்னா அண்ணே, எப்பலேர்ந்து வளக்குறீங்க?" என்றாள் அமலம்மாள்.

"அது என்னோடது இல்ல!"

"உங்களப் பாத்துத்தானே உக்காந்திருக்கு?"

யூசுப் தொண்டையைச் செருமினார். "பத்து கிலோவுக்கு மேல இருக்குற வீடு ரெண்டு, அண்ணே. மோனிக்கா வீடு ஒன்னு. உங்க வீடு ஒன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே சூராட்தான், ஒரே லெட்டர்தான் போகும். முப்பது நாள்."

சிவநேசன் தன் காலடியைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது என்று சொல்வதற்கில்லை, அதற்குக் கண் இல்லை. ஆனால், முன்பக்கத்தை உயர்த்தியது.

"வேற வழி இல்லையா?" என்றார் மெதுவாக.

"இருக்கு. ஒரே நாய்தானே? என் வீட்ட விட்டுட்டா, அறுபத்து மூணு வீட்டுல இருக்கு. மொத்த எடைய வீடுகளால வகுத்துக்கலாம். ஒரு வீட்டுக்கு மூணு கிலோ எண்ணூத்திப் பத்து கிராம் வரும். யாரும் விதிய மீறல. நீங்க சைன் போட்டா முடிஞ்சிது."

சிவநேசன் கையெழுத்துப் போட்டார். மோனிக்கா அதை மூன்றுமுறை வாசித்துவிட்டு, கெமுக்கைக் கூட்டிக்கொண்டு ஆறு மாடியும் ஏறினாள். வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தரையில் அதன் பக்கத்தில் படுத்து, சாயங்காலம்வரை தூங்கினாள்.

மறுவாரம் கதவு தட்டப்பட்டது. சிவநேசன், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உள்முடிக்கு எந்த வாரி நல்லதும்மா?" என்று கேட்டார். அவருடையதும் உதிர்க்க ஆரம்பித்திருந்தது. ஜூனுக்குள் எல்லா நடைபாதைகளிலும் மாலையில் பாய்கள் விரிக்கப்பட்டன. அவரவர் பங்கை அவரவர் சீவினார்கள். யூசுப் மட்டும் வாசலில் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தார்.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இப்போது தண்ணீர் மீட்டர் எண், கடிதப்பெட்டிச் சாவி, மூன்று கிலோ எண்ணூற்றுப் பத்து கிராம் நாய் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கப்படுகிறது. போன மாதம் செபராங் ஜெயாவிலிருந்து ஐந்தாவது மாடிக்கு வந்த சுபாஷினி அந்தத் தாளைப் படித்துவிட்டு மேலே ஏறி வந்தாள். மோனிக்கா பாயில் உட்கார்ந்து கெமுக்கின் பின்தொடையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பங்க குளிப்பாட்டணுமா?"

"மாசம் ஒரு தடவ போதும். நல்லா காயணும், அதான் முக்கியம்."

சரி என்று சுபாஷினி மின்விசிறி வாங்கப் போனாள்.