அறுபது மீற்றர்த் தரிப்பிடம்

2024ஆம் ஆண்டு ஜனவரி இரண்டாம் திகதி காலையில், ஒஸ்லோவின் கிழக்கே ஸ்தைன்லியா குடியிருப்புக்கும் அதன் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்த வாகனத் தரிப்பிடம் இருபத்தைந்து மீற்றர் கூடுதலாக நீண்டிருந்தது. முதல்நாள் வரை அது அறுபது மீற்றர் நீளம், இருபத்துநாலு கார்கள் நிற்கும். இப்போது முப்பத்துநாலுக்கு இடம் இருந்தது. புதிய பத்து இடத்துக்கும் வெள்ளைக் கோடும் இலக்கமும் போட்டிருந்தது, பெயின்ற் காய்ந்திருந்தது. மறுநாள் இன்னொரு பத்து வந்தது. அதற்கு அடுத்த நாளும் பத்து.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு நகரசபையும் பள்ளிகள் நிர்வாகமும் அந்த இடத்தைப் பங்கிட்டு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. மாலை ஐந்து மணிவரை ஆசிரியர்களின் கார்கள் நிற்கும், அதன்பிறகும் வார இறுதியிலும் குடியிருப்பாரின் கார்கள் நிற்கும். பனியை நகரசபை வழிக்கும். தடைக்கம்பைப் பள்ளிக்கூடம் திறந்து மூடும். நடந்து போகிறவர்களை யாரும் எந்நேரமும் மறிக்கக்கூடாது. அந்த ஒப்பந்தம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துபோனது. புதுப்பிக்க வேண்டிய கடிதம் இரண்டு அலுவலகங்களுக்கும் இடையில் எங்கோ இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடம், தன்னைப் பிடித்திருந்த கை விட்டதும் நீளத் தொடங்கியது. மேட்டுக் காட்டில் ஏறி நின்று பார்த்தால் அதே அறுபது மீற்றர்தான் தெரியும். நடந்தால் மட்டும்தான் நீளம். சுற்றுப்பாதை நாலு கிலோமீற்றர் என்றபடியால் எல்லோரும் நடந்தார்கள்.

தடைக்கம்பின் சாவி கொன்ஸ்ரன்ரைனிடம் இருந்தது. நாரந்தனையில் பிறந்து, முப்பத்துநாலு வருடமாக நோர்வேயில் இருப்பவர். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். அவரும் மனைவி மரியகொறற்றியும் தரிப்பிடத்தின் மற்ற அந்தத்தில், மூன்றாம் மாடியில் இருந்தார்கள். மத்தியானம் அரை மணித்தியால இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மரியகொறற்றிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. சோற்றை வைத்துவிட்டு அவர் யன்னலோரம் போய் இருப்பார். "உப்புக் காணுமோ?" "ஓம்." இப்படித்தான் பதினைந்து வருடமாக அந்த வீட்டில் கதை நடந்தது.

காரணம் இருவருக்கும் தெரியும். 2009 ஏப்ரலில் மரியகொறற்றியின் தம்பி கிளின்ரன் வன்னியில் எறிகணை விழுந்து செத்த செய்தி கொன்ஸ்ரன்ரைனின் கைத்தொலைபேசிக்குத்தான் வந்தது. மனைவிக்கு ஒன்பது நாளில் தாதி உதவியாளர் பரீட்சை. அவர் ஒன்பது நாளும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்த வாசலில் வைத்துச் சொன்னார். மரியகொறற்றி பாஸ் பண்ணினார். சான்றிதழைச் சுவரில் மாட்டவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதியில் தரிப்பிடம் ஆயிரத்து நூற்றெண்பத்தைந்து மீற்றராகியது. அளந்தவர் பிரதீப். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, இவர்களுக்குக் கீழ்மாடி. லேசர்க் கருவியோடு வந்து கொன்ஸ்ரன்ரைனை மறித்தார்.

"அண்ணே, இங்கேருந்து அடிச்சா அறுபதுன்னு காட்டுது. நடந்து போனா ஆயிரத்துக்கு மேல வருது. மெஷின்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு வாட்டி செக் பண்ணிட்டேன்."

"மெசினிலை பிழையில்லைத் தம்பி," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு."

பிரதீப் தலையாட்டிவிட்டு, மறுநாளிலிருந்து மகளை இருபது நிமிடம் முந்தி எழுப்பினார்.

உறைபனியில் போக ஒரு கால் மணி, வரக் கால் மணி. சோற்றுக்கு முன்னால் இருக்கவே கொன்ஸ்ரன்ரைனுக்கு நேரமில்லாமல் போனது. மூன்று நாள் பாணும் சீஸும் கொண்டுபோனார். நாலாம் நாள் மத்தியானம் தடைக்கம்படியில் நின்றபோது, தூரத்தில் நீலக் குளிர்ச்சட்டை போட்ட ஒருவர் சப்பாத்தில் சறுக்காமலிருக்க ஆணிப்பட்டி பூட்டிக்கொண்டு மெதுவாக வருவதைக் கண்டார். கிட்டப் போனபோது அது மரியகொறற்றி. கையில் சாப்பாட்டுக் கரியர்.

"ஆறமுதல் சாப்பிடுங்கோ."

இருவரும் நடுவில் சந்தித்து, ஒரு காரின் முன்பக்கத்தில் கரியரை வைத்து நின்றபடி சாப்பிட்டார்கள். அதன்பிறகு தினமும் அப்படியே. நடுவிடம் நாளுக்கு ஐந்து இலக்கம் தள்ளிக்கொண்டே போனது. மார்ச்சில் பனி கரையத் தொடங்க, ஆசிரியர்கள் இருந்து சாப்பிடப் பழைய பாடசாலை வாங்கு ஒன்றைக் கொடுத்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஒவ்வொரு நாளும் அதைப் பன்னிரண்டரை மீற்றர் நகர்த்தினார். நடப்பதையும் வேலையாகக் கணக்கெடுத்து அதிபர் இடைவேளையை ஒரு மணித்தியாலமாக்கினார். ஒரு மணித்தியாலம் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உப்பைப் பற்றி மட்டும் கதைக்க முடியாது. முதலில் முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மகள் றொஷானியின் புது வீட்டைப் பற்றி. ஏப்ரல் நடுவில், கிளின்ரனின் நினைவுநாளன்று, மரியகொறற்றி கரியரைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார்.

"அந்த ஒம்பது நாளும் நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

கொன்ஸ்ரன்ரைன் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலை முடிய ரயிலேறிக் கடைசி ஸ்ரேசன் மட்டும் போய்த் திரும்பி வந்தனான். வெள்ளன வந்தா என்ரை முகத்தைப் பாத்து நீர் கண்டுபிடிச்சுப் போடுவீர் எண்டு பயம்."

"எனக்கு மூண்டாம் நாளே தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்ட்ரோம்மன் கடையிலை சின்னம்மான்ரை மகளைக் கண்டனான். கட்டிப்பிடிச்சு அழுதவள். நீங்கள் வந்து சொல்லுவீங்கள், ரெண்டு பேருமா அழலாம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆறு நாள் கதவையே பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ரயிலிலை திரிஞ்சிருக்கிறியள்."

தம்பி செத்தது தெரிந்தேதான் மனைவி பரீட்சை எழுதினார் என்பது கொன்ஸ்ரன்ரைனுக்கு அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. மரியகொறற்றியும் அழுதார். இடைவேளை முடிந்து இருபது நிமிடம் ஆகியும் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த ஞாயிறு இருவரும் கோயிலில் கிளின்ரனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள்.

ஏப்ரல் 24, புதன்கிழமை, நகரசபையிலிருந்து ஒரு பெண்மணியும் பள்ளிகள் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் புதிய ஒப்பந்தத்தோடு வந்தார்கள். ஒருவர் ஒரு அந்தத்திலும் மற்றவர் மற்ற அந்தத்திலும் காரை விட்டதால், இருவரும் நடந்து வந்து வாங்கடியில்தான் சந்திக்க வேண்டியிருந்தது. எழுத மேசை இல்லை. மரியகொறற்றி கரியரைத் தூக்கி இடம் கொடுத்தார். வாங்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெண்மணி பருப்பை ருசி பார்த்து நன்றி சொன்னார்.

கொன்ஸ்ரன்ரைன் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. கையெழுத்து விழுந்துவிட்டது, காலையில் அறுபது மீற்றராகச் சுருங்கியிருக்கும், சோறு மேசைக்குத் திரும்பிவிடும், மனைவி யன்னலுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தார். விடிந்ததும் இறங்கிப் போய் இலக்கங்களைப் பார்த்தபடி நடந்தார். கடைசி இலக்கம் 1164. நேற்றும் அதுதான். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. நீளம் 2910 மீற்றர். அவர் வாங்கை 582ஆம் இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, நாலு காலையும் நிலத்தோடு திருகாணி போட்டு இறுக்கினார்.

புதிய ஒப்பந்தமும் இருபத்தைந்து வருடத்துக்கு. அதில் நீளத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, பனி வழிக்க இரண்டு வண்டி வரும் என்பது மட்டும்தான் புதிது. ஸ்தைன்லியாவில் வீடு விற்கிறவர்கள் இப்போது விளம்பரத்தில், பள்ளிக்கூடம் அறுபது மீற்றர், நடக்க முப்பத்தெட்டு நிமிடம் என்று எழுதுகிறார்கள். வாங்க வருகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்கிறார்கள்.