தங்கை பிட்ட அப்பம்

தலைநகருக்கு வேலைக்குப் போன ஒதிலியா, சான் ரெமிஹியோவுக்குப் பாஸ்டராகத் திரும்பி வந்தாள். சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு சபையும் தொடங்கிவிட்டாள்.

அவள் அக்கா கசில்தா, அதே மலையூரில் கத்தோலிக்கக் கோயிலின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிறு வாசகமும், சாவு வீட்டு ஜெபமாலையும் அவள் பொறுப்பு. பங்குச் சாமியார் அன்செல்மோவுக்கு மலை முழுக்க ஊர்கள். எப்போதாவதுதான் பூசைக்கு வருவார். அவர் வந்ததும் கசில்தா பீடத்தைவிட்டு விலகி மணியடிக்கப் போய்விடுவாள். தங்கை வரும்வரை அது அவளுக்குக் குறையாகத் தோன்றியதே இல்லை.

ஒரு ஞாயிறு, சந்தைக்குப் போகிற வழியில் சபைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒதிலியா அப்பத்தைக் கையில் எடுத்து, கர்த்தரின் வார்த்தையைச் சொல்லிப் பிட்டாள். ஊர் ஜனம் வரிசையில் நின்று வாங்கியது. தான் மூக்குச்சளி துடைத்துவிட்ட பெண்! கசில்தாவுக்கு அடிவயிறு பற்றியெரிந்தது.

சாயங்காலம் ஒதிலியா வீட்டுக்கு வந்தாள்.

"பேக்கரி ரொட்டியும் திராட்சை ஜூசும்! அதுக்குப் பேரு நற்கருணையாடி?"

"எங்கள்ல விசுவாசிக்கிற எல்லாருமே ஆசாரியர்தாங்கா. சபை கூடி என்னை நிக்கச் சொல்லுச்சு, நிக்கிறேன்."

"எங்க சாமியாருக்கு அப்போஸ்தலர் காலத்துலேர்ந்து கை மாறி வந்த அதிகாரம். உனக்கு யாரு குடுத்தா? தகரக் கடைக்காரனா?"

ஒதிலியா சிரித்துவிட்டாள். "உனக்குப் பொறாமைக்கா."

"போடி!" என்று கதவைச் சாத்தினாள் கசில்தா. சாத்தியபின், தங்கை சொன்னது உண்மைதான் என்று உறைத்தது.

அடைமழையில் ஆற்றுப்பாலம் போயிற்று. அந்த நேரம் பார்த்து, கோயில் பாடகர் பெர்பெக்தோ சாகக் கிடந்தார். அவர் மனைவி சிமோனா ஓடிவந்தாள்.

"சாமியாரால வரமுடியாதாம். நீயாவது பாவமன்னிப்புக்குக் கடைசி எண்ணெய் பூசிவிடுக்கா."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஜெபம்தான் சொல்லலாம்."

"மன்னிப்பு, மன்னிப்புன்னு உசிரைப் பிடிச்சிட்டிருக்காரே!" சிமோனா அழுதபடி தகரக் கூரைப் பக்கம் ஓடினாள்.

ஒதிலியா தொப்பலாக நனைந்து வந்தாள். சமையல் எண்ணெயை அவர் நெற்றியில் தடவி, "ஆண்டவர் உங்களை மன்னிச்சுட்டாருங்க" என்றாள். பெர்பெக்தோ அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜெபம் சொல்ல வந்த கசில்தா ஜெபமாலையோடு கால்மாட்டில் நின்றாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விடுமுன் அவர் அடங்கிவிட்டார்.

"குடுத்து வச்சவ நீ. பூசலாம், அப்பம் பிட்கலாம், எல்லாம் செய்யலாம்," என்றாள் கசில்தா, வாசலில்.

"சபை போன்னு சொன்னா போகவும் வேணும்," என்றாள் ஒதிலியா. "மேலத்தெருவுல ஒரு ஆம்பளை பாஸ்டர் மைக் செட்டோட வந்திருக்காரு. பாதிப் பேரு அங்க. மிச்சப் பேரு, பொம்பளை பேசுனது போதும்னு கூட்டம் போடுறாங்க. உங்க ஜனம் சாமியாரைத் திட்டும், ஆனா கோயிலை விட்டுப் போவாது. அதைப் பாத்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

கசில்தாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

பாலம் கட்டியதும் சாமியார் வந்தார். பூசை உடுப்பை மாட்டிக்கொண்டே, "உன் தங்கச்சி பூசினாளாமே? அது செல்லாது. நீ தடுத்திருக்கணும்," என்றார்.

கசில்தாவே மனசுக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைதான். அவர் வாயிலிருந்து வந்தபோது பொறுக்கவில்லை.

"நீங்க வரல சாமி. அவ வந்தா."

"பாலம் இல்லையேம்மா."

"நான் இங்கதான இருந்தேன்? எனக்குப் பூசுற கையைக் குடுக்கல. குடுக்காதவங்க அவளைக் குறை சொல்லாதீங்க."

அவர் இடுப்புக் கயிற்றை முடிச்சிட்டார். "இதை எனக்கு மேல இருக்கிற ஆயர்கிட்டதான் கேக்கணும்," என்றார்.

"கேளுங்க."

பூசையில் அவர் அப்பத்தை உயர்த்தியபோது கசில்தா மண்டியிட்டாள். முழு விசுவாசத்தோடுதான் மண்டியிட்டாள். ஆனால் இப்போது அவர்மேலும் வயிறெரிந்தது.

மழைக்காலம் முடியுமுன் சபை ஒதிலியாவை நீக்கியது. கூட நின்ற நாலைந்து பேரோடு சிமோனாவின் முற்றத்தில் ஆராதனை நடத்தினாள். ஞாயிறுகளில் கசில்தா அந்த வழியாகத்தான் போவாள். வேலிப்பக்கம் நடை தளரும். உள்ளே மட்டும் போனதில்லை.