உலைக்குள் போன விபூதி

கலாராணி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு வாரம் உலையில் கிடந்து வெளியே வந்த நிக்கல் கலப்புலோகத் துண்டுகள் அத்தனையிலும் மூன்று மூன்று கோடுகள். கோடு விழுந்த இடமெல்லாம் செல்லரித்தாற்போலக் குழி.

பதுளையில் அந்த ஆய்வுகூடத்தில் அவள் மாரடித்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். அனல் பறக்கும் காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயுவில் உலோகத்தின் மேல் மெல்லிய தோல் படர்ந்து அதைக் காப்பாற்றும். வாயுவில் கொஞ்சம் கந்தகம் கலந்துவிட்டால் அந்தத் தோல் நிற்குமா, கிழியுமா? விடையோடு அடுத்த வாரம் கொழும்பு மாநாட்டில் பேசவேண்டும். கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் வளர்ந்த லயத்து வரிசை வீடுகளே அந்தப் பேச்சுக்காகக் காத்திருந்தன.

சாம்பலில் உள்ள உப்பு கந்தகத்தோடு சேர்ந்தால் உருகி அந்தத் தோலைத் தின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் உலைக்குள் ஏது சாம்பல்? அப்போதுதான் அந்த மூன்று கோடுகளும் மூன்று விரலால் இழுத்த பட்டை போலிருப்பது உறைத்தது.

"கணபதி அண்ணே! ஆயுத பூசைக்கு இந்தத் துண்டுகளுக்குமா விபூதி பூசுனீங்க?"

கணபதி அங்கே தற்காலிக உதவியாளர். அதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே பூசையென்றால் கொழுந்து அரைக்கிற மெஷின் முதல் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி வரை ஒன்று பாக்கியிருக்காது.

"ஆமாங்க மிஸ். போன தடவ சோதனை சரியா வரலைன்னு அழுதீங்கல்ல, மனசு கேக்கல. கொழைச்சுப் பூசிட்டு, அப்புறம் நல்லாத் தொடைச்சுத்தான் வச்சேன்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பூசை லீவு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில், லீவுக்கு முன்னமே கழுவியதுதானே என்று துண்டுகளை அப்படியே உலைக்குள் தள்ளியவள் அவள்தான். அந்த நினைப்பு கோபத்தைவிடக் கசந்தது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் இரகுநாதன் உள்ளே வந்தார். துண்டுகளைப் பார்த்தார், கணபதியைப் பார்த்தார். கேட்கவே தேவையில்லை, கணபதியின் முகமே வெளிறிப்போயிருந்தது.

"இவர் பாத்த வேலையோ? அப்பிடியெண்டால் சொல்லும் பிள்ளை. இண்டைக்கே ஆளை நிப்பாட்டிப்போட்டு, உமக்கு மாநாட்டில அவகாசம் கேட்டுத் தாறன்."

தலையை ஆட்டினால் போதும், கொழும்பு கைக்கு வந்துவிடும்.

"உலைக்குள்ள கழுவாம வச்சது நான்தான் சேர். பிழை என்னோடது."

"அப்ப உமக்குப் பதிலா மற்ற மாணவன் நிஷாந்த் மாநாட்டுக்குப் போகட்டும்" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

"எதுக்கு மிஸ் அப்பிடிச் சொன்னீங்க? பூசுனது நாந்தானே..."

"பேசாதீங்கண்ணே." மேசையில் முகம் புதைத்து அழுதாள். லயத்துக்கு என்ன சொல்வது? அம்மாவுக்கு என்ன சொல்வது? நல்லது செய்த நிம்மதி ஒரு பொட்டும் வரவில்லை.

நிமிர்ந்தபோது கணபதி பக்கத்தில் நின்றார். அவள் தலையைத் தடவ நீண்ட கை பாதியில் நின்றது. இனி எதையும் தொடப் பயந்தவராய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கலாராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அலுமாரியிலிருந்து புதுத் துண்டுகளை எடுத்தாள்.

"கைய நீட்டுங்கண்ணே. இத நீங்கதான் கழுவணும்."